எடை குறைந்த வேட்டை ரைஃபிள்: எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

விற்பனைப் பட்டியலில் 2.7 கிலோ என்று போட்டிருக்கும் ரைஃபிள், காட்டுக்குள் நடக்கும்போது 2.7 கிலோவாக இருப்பதில்லை. அது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் வளையம், தோள்வார், தோட்டா எதுவும் இல்லாத வெற்று எடை. 400 கிராம் ஸ்கோப், 100 கிராம் வளையங்கள், 120 கிராம் வார், .308 தோட்டா நான்கு என்றால் சுமார் 100 கிராம். கூட்டினால் 3.4 கிலோவைத் தாண்டிவிடும். அதே துப்பாக்கியில் 750 கிராம் பெரிய ஸ்கோப்பையும் 200 கிராம் எஃகு வளையங்களையும் மாட்டினால் 3.9 கிலோ. எடை குறைந்த துப்பாக்கிக்கென்று கூடுதலாகக் கொடுத்த பணம் அங்கேயே கரைந்துபோகும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், இப்போது கையில் இருக்கும் துப்பாக்கியை எடை போடுங்கள். மேகஸினைக் கழற்றி, போல்ட்டைத் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் தண்டு) திறந்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டினால் போதும். ஸ்கோப், வார் எல்லாம் இருக்கட்டும். தோட்டாக்களைத் தனியாக நிறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் எடை என்று வரும் இடத்திலெல்லாம், வேறாகச் சொல்லாதவரை, இந்த முழு எடையைத்தான் குறிக்கிறோம்.

யாருக்கு இது தேவை

ஒரே நாளில் 600 முதல் 1,000 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் மலை வேட்டை, துப்பாக்கியைக் கையிலேயே பிடித்தபடி பகல் முழுக்க அடர்காட்டில் மெல்ல நகரும் வேட்டை: இந்த இரண்டிலும் அரை கிலோ வித்தியாசம் மாலைக்குள் தோளிலும் மணிக்கட்டிலும் தெரியும். முதுகுப்பையில் இருக்கும் எடையை இடுப்பு தாங்கிக்கொள்ளும். துப்பாக்கியின் எடை ஒரு பக்கத் தோளிலோ கையிலோ தொங்குவதால் ஒவ்வொரு 100 கிராமும் கூடுதலாகவே உறைக்கும்.

மரப்பரணில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கும், வண்டியிலிருந்து இறங்கிச் சில நூறு மீட்டர் நடப்பவருக்கும், திறந்த வெளியில் 300 மீட்டருக்கு மேல் சுடுபவருக்கும் லேசான துப்பாக்கியால் நன்மை மிகக் குறைவு, தொந்தரவுதான் அதிகம். பயிரை அழிக்கும் பன்றிக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது போல அடுத்தடுத்துப் பல குண்டுகள் சுட வேண்டிய வேலைக்கு லேசான துப்பாக்கியின் மெல்லிய பேரல் (குண்டு வெளியேறும் குழல்) பொருந்தவே பொருந்தாது.

மலையேறுபவர்களும் துப்பாக்கியில் கை வைப்பதற்கு முன் பையை ஒருமுறை கொட்டிப் பார்ப்பது நல்லது. தேவைக்கு மேல் சுமக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதை விடுவதற்குச் செலவில்லை. துப்பாக்கியில் ஒரு கிலோ குறைப்பதற்குப் பணமும் போகும், சுடும் எளிமையும் போகும்.

உதையைக் கணக்கிட்டுப் பாருங்கள்

எடையைக் குறைத்தால் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது, கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பதைத்தான் யாரும் கணக்கிடுவதில்லை. கணக்கு எளிது. குண்டின் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் வேகத்தால் பெருக்குங்கள். வெடிமருந்தின் எடையை அதே வேகத்தாலும் 1.75 என்ற எண்ணாலும் பெருக்குங்கள். மருந்து வாயுவாகிக் குண்டைவிட வேகமாக வெளியேறுவதற்கான ஈடு அது. இரண்டையும் கூட்டினால் உந்தம். உந்தத்தை வர்க்கமாக்கி, துப்பாக்கி எடையின் இரண்டு மடங்கால் வகுத்தால் உதையின் ஆற்றல் ஜூலில் கிடைக்கும்.

.308 வின்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். 150 கிரெயின் குண்டு 9.72 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 860 மீட்டர், மருந்து சுமார் 2.9 கிராம். உந்தம் 12.7. துப்பாக்கி 4 கிலோ என்றால் உதை 20 ஜூல். 3 கிலோவில் அது 27. 2.7 கிலோவில் 30. கால் பங்கு எடை குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு உதை கூடுகிறது. உதையின் ஆற்றல் எடைக்குத் தலைகீழ் விகிதத்தில் போவதுதான் காரணம். உதைக்கும் வேகமும் நொடிக்கு 3.2 மீட்டரிலிருந்து 4.2, 4.7 என்று ஏறுகிறது. தோளுக்கு வலியைவிட இந்த வேகம்தான் அதிர்ச்சியாகத் தெரியும். கனமான துப்பாக்கி தள்ளும். லேசான துப்பாக்கி குத்தும்.

பழக்கத்திலிருந்து வந்த ஓர் அளவுகோல் உண்டு. 20 ஜூல் வரை பெரும்பாலோர் சிரமமில்லாமல் சுடுவார்கள். 27 ஜூலைத் தாண்டினால் தொடர்ந்து பயிற்சி செய்பவர்களைத் தவிர மற்றவர்களின் குறி கெடத் தொடங்கும். அப்படியானால் 3 கிலோ துப்பாக்கியில் .308 சரியாக விளிம்பில் நிற்கிறது. அதே 3 கிலோவில் மற்றத் தோட்டாக்கள் எப்படி வரும் என்று பாருங்கள். 100 கிரெயின் .243 வின்செஸ்டர் சுமார் 17 ஜூல். 140 கிரெயின் 6.5 கிரீட்மோர் சுமார் 21. 140 கிரெயின் 7 மி.மீ.-08 ரெமிங்டன் சுமார் 24. 180 கிரெயின் .300 வின்செஸ்டர் மேக்னம் 50 ஜூலைத் தாண்டும். 4 கிலோ துப்பாக்கியிலேயே அது 40.

லேசான துப்பாக்கியில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன. முதலில் பெரிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதற்கு லேசான துப்பாக்கி தேடுவது. வரிசையை மாற்றுங்கள். வேட்டையாடும் விலங்குக்குப் போதுமான தோட்டாக்களில் மிகக் குறைவாக உதைப்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். பல இடங்களில் ஒவ்வொரு விலங்குக்கும் குறைந்தபட்ச விட்டமோ ஆற்றலோ சட்டத்தில் வரையறுத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் எடை. நடுத்தர மானுக்கு 6.5 கிரீட்மோர் அல்லது 7 மி.மீ.-08 போட்ட 3.2 கிலோ துப்பாக்கி, அதே எடையில் மேக்னம் வைத்திருப்பதைவிட அதிக இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவரும். நெஞ்சுப் பகுதியில் சரியாகப் பட்ட சிறிய குண்டு கொல்லும்; பயந்து இழுத்ததால் வயிற்றில் பட்ட பெரிய குண்டு அந்த மிருகத்தை மணிக்கணக்கில் வதைக்கும்.

குண்டின் எடையை மட்டும் குறைத்தால் உதை குறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அதே அழுத்தத்தில் 150 கிரெயினுக்குப் பதில் 130 கிரெயின் போட்டால் வேகமும் மருந்தும் ஏறி, உதை பத்து விழுக்காடுகூடக் குறையாது. உதை குறைப்பதற்கென்றே தொழிற்சாலையில் மெதுவான வேகத்தில் நிரப்பிய தோட்டாக்கள் வேறு. அவை உண்மையாகவே குறைக்கும், ஆனால் சுடும் தூரமும் சுருங்கும். தானே தோட்டா நிரப்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மெதுவாக எரியும் மருந்தை நிரப்புதல் கையேட்டில் உள்ள ஆரம்ப அளவுக்கும் கீழே குறைத்து நிரப்பாதீர்கள். அப்படிச் செய்தால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறித் துப்பாக்கியே வெடிக்கும் அபாயம் இருக்கிறது.

லேசானது ஏன் நிலைக்காது

எடை என்பது அசைவுக்கு எதிரான தடையும்தான். இதயத் துடிப்பு, மூச்சு, களைத்த கையின் நடுக்கம், ட்ரிகர் விரலின் இழுப்பு எல்லாம் 4 கிலோவை அசைப்பதைவிட 3 கிலோவை எளிதாக அசைக்கும். மலையேறி மூச்சு வாங்கும் நேரத்தில்தான் இந்தத் துப்பாக்கியைச் சுட வேண்டியிருக்கும் என்பது கூடுதல் சிக்கல்.

ட்ரிகரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 3 கிலோ துப்பாக்கியில் ட்ரிகரை இழுக்க 1.8 கிலோ விசை தேவை என்றால், அந்த இழுப்பு பேரலின் முனையை நகர்த்தாமல் இருப்பது கடினம். 1.1 முதல் 1.4 கிலோவுக்குள் வைத்தால் போதும். ஒரு கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். குளிரில் மரத்த விரலுக்கும் கையுறைக்கும் அது பாதுகாப்பல்ல. சரிசெய்த பிறகு, காலித் துப்பாக்கியின் போல்ட்டை வேகமாக அடித்து மூடியும், பின்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டியும், சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்துவிட்டுப் பிறகு சேஃப்டியை விடுவித்தும் பாருங்கள். இவற்றில் ஒன்றிலாவது சுடும் ஊசி தானாக விழுந்தால் அளவு மிகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மொத்த எடை அளவுக்கே முக்கியம். முன்பக்கம் லேசாகி, பின்பக்கம் கனத்த துப்பாக்கியின் முனை காற்றில் அலையும். ஸ்கோப் மாட்டிய நிலையில் துப்பாக்கியை ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். முன் ஆக்‌ஷன் திருகின் (போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளில் முன்னது) இடத்திலோ, அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்னாலோ சமநிலை வந்தால் நின்றபடியும் முட்டியிட்டும் சுடுவதற்கு நல்லது. மேகஸினுக்குப் பின்னால் வந்தால் அந்தத் துப்பாக்கியில் தவறான இடத்தில் எடையைச் சீவியிருக்கிறார்கள்.

எங்கே குறைப்பது: இந்த வரிசையில்

*ஸ்கோப்பும் வளையமும்.* மிக மலிவாக எடை குறையும் இடம். ஓர் அங்குலக் குழாயும் 36 அல்லது 40 மி.மீ. முன்கண்ணாடியும் கொண்ட 2.5-8 அல்லது 3-9 மடங்கு ஸ்கோப் 320 முதல் 400 கிராமுக்குள் வரும். 30 மி.மீ. குழாய், 50 மி.மீ. கண்ணாடி, பெரிய திருகுமேடைகள் கொண்டவை 600 முதல் 900 கிராம். 300 மீட்டருக்குள் சுடும் வேட்டைக்காரருக்கு இரண்டாவதில் கிடைக்கும் நன்மை சொற்பம். எஃகு அடிப்பட்டையும் வளையங்களும் சேர்ந்து 200 கிராமைத் தாண்டும். வளையமும் அடியும் ஒன்றாகக் கடைந்த அலுமினிய வகை 60 முதல் 100 கிராம். இந்த இரண்டு மாற்றத்திலேயே 400 கிராம் வரை போகும், அதுவும் துப்பாக்கியின் மேற்பகுதியிலிருந்து. எடை தாழ்ந்து இருந்தால் துப்பாக்கி கையில் சாயாமல் இருக்கும்.

ஒரு நிபந்தனை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி 90 மி.மீட்டருக்குக் குறையாத ஸ்கோப்பாகப் பாருங்கள். லேசான துப்பாக்கி அதிக வேகத்தில் பின்னால் வரும். மேல்நோக்கிச் சரிவில் படுத்துச் சுடும்போது புருவம் கிழிவது இதனால்தான். அதே வேகம் ஸ்கோப்பை வளையத்துக்குள் வழுக்கவும் வைக்கும். திருகுகளை எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, முறுக்கு அளவி கொண்டு அடித்திருகுகளை 2.3 முதல் 3.4 நியூட்டன் மீட்டருக்கும், வளையத் திருகுகளை 1.7 முதல் 2.0 நியூட்டன் மீட்டருக்கும் முறுக்குங்கள். உற்பத்தியாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. வளையத்தின் ஓரத்தில் ஸ்கோப் குழாய்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். வழுக்கினால் உடனே தெரியும்.

*கட்டை.* பேரலையும் ஆக்‌ஷனையும் தாங்கி, கையிலும் தோளிலும் பிடிக்கும் பகுதி இது. வால்நட் மரக்கட்டையும் வார்ப்பு பிளாஸ்டிக் கட்டையும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கிலோவையொட்டி. பிளாஸ்டிக் என்றாலே லேசு என்று நினைப்பது தவறு. உண்மையாகக் குறைவது கார்பன் இழைக் கட்டையில். 450 முதல் 700 கிராமில் கிடைக்கும், மரத்தைவிட விறைப்பாகவும் இருக்கும், ஈரத்தில் உப்பாது. விலை கடுமைதான். ஆனாலும் துப்பாக்கியின் சுடும் தன்மையைக் கெடுக்காமல், பல சமயம் மேம்படுத்தியபடியே, 400 கிராம் குறைப்பது இந்த ஒரு மாற்றம்தான். ஸ்கோப்புக்கு அடுத்தபடியாகச் செலவு செய்ய வேண்டியது இங்கே.

1980-களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் நிறுவனம் இந்த வழியைத்தான் பிடித்தது. அவர்களுடைய மாடல் 20 ஸ்கோப் இல்லாமல் ஏறக்குறைய 2.3 கிலோ. கெவ்லார், கிராஃபைட் இழைகளால் ஆன அரைக் கிலோ அளவுக் கட்டையிலும் மெலிந்த ஆக்‌ஷனிலும் எடையைக் குறைத்தார்கள். பேரலை 22 அங்குலமாகவே விட்டுவைத்து, முனைவரை கட்டையில் முழுமையாகப் பதித்தார்கள். எடை குறைந்த துப்பாக்கி துல்லியமாகவும் சுடும் என்று பலரை நம்பவைத்தது அந்த வடிவமைப்புதான்.

மலிவான பிளாஸ்டிக் கட்டையின் குறை அதன் முன்பகுதி வளைவது. வாரை இறுக்கிப் பிடித்தாலோ, முன்கட்டை நுனியைப் பாறைமேல் வைத்தாலோ அது பேரலைத் தொடும். அடுத்த குண்டு வேறிடத்தில் விழும். சோதிப்பது எளிது. பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். பிறகு முன்கட்டை நுனியை மணல் பையில் வைத்து, ஸ்கோப்பின் மேல் கையால் அழுத்தியபடி மறுபடி இழுங்கள். முதல் முறை ஓடிய தாள் இரண்டாம் முறை சிக்கினால், அந்தக் கட்டையில் வாரை இழுத்துப் பிடித்துச் சுடுவதையும் முன்கட்டை நுனியில் பைபாட் (இருகால் தாங்கி) மாட்டுவதையும் மறந்துவிடுங்கள். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு: சில மெல்லிய பேரல்களுக்குத் தொழிற்சாலையிலேயே முன்கட்டை நுனியில் சில கிலோ அழுத்தம் கொடுத்துப் பதித்திருப்பார்கள். அதைக் குறை என்று நினைத்து உளியெடுத்துச் செதுக்கினால் நல்லபடியாகச் சுட்ட துப்பாக்கி சிதறத் தொடங்கும். முதலில் சுட்டுப் பாருங்கள், பிறகு தொடுங்கள்.

*ஆக்‌ஷன், மேகஸின்.* டைட்டேனியம் ஆக்‌ஷன் எஃகைவிட 200 கிராமுக்கு மேல் குறைக்கும். ஒவ்வொரு கிராமுக்கும் இங்கே கொடுக்கும் விலைதான் மிக அதிகம். தோட்டாவே குட்டை என்றால் குட்டை ஆக்‌ஷன் எடுப்பதால் கொஞ்சம் குறையும். அடிப்பக்கம் திறக்காத மூடிய மேகஸின் இன்னும் கொஞ்சம் மிச்சப்படுத்தும், ஆனால் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மீதித் தோட்டாக்களை வெளியே எடுக்க ஒவ்வொன்றையும் போல்ட்டால் சேம்பர் பக்கம் தள்ளித்தான் எடுக்க வேண்டும். களைத்துப்போன கைகளோடு இருட்டில் செய்யும் வேலை அது. கழற்றும் மேகஸினோ, அடிமூடி திறக்கும் மேகஸினோ அந்தச் சில பத்து கிராமுக்குத் தகுதியானதே. போல்ட்டில் ஓட்டை ஓட்டையாகக் குடைந்து 30 கிராம் குறைப்பதும் அதே வகை: மண்ணும் பனியும் ஈரமும் போய் உட்கார இடம் கொடுக்கிறீர்கள்.

*பேரல்.* இது கடைசி. பேரலைக் குட்டையாக்கினால் நிறையக் குறையும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். முனையில் 15 மி.மீ. தடிமனுள்ள .308 பேரலில் ஒரு சென்டிமீட்டர் எஃகு சுமார் 10 கிராம்தான். 22 அங்குலத்தை 20 ஆக வெட்டினால் கிடைப்பது 50 கிராம் சொச்சம். இழப்பது நொடிக்கு 12 முதல் 18 மீட்டர் வேகம், கூடுவது காதைப் பிளக்கும் சத்தம். குட்டை பேரலின் உண்மையான பயன் அடர்காட்டில் கிளைகளில் சிக்காதது. முனையில் சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்டுபவர்களுக்கு மொத்த நீளம் கட்டுக்குள் இருப்பது. எடைக்காக வெட்டாதீர்கள்.

தடிமனில்தான் எடை இருக்கிறது. முனை 20 மி.மீ. என்றால் அதே ஒரு சென்டிமீட்டர் 21 கிராம், இரண்டு மடங்கு. ஆகவே மெல்லிய பேரல் லேசாக இருப்பது உண்மை. அதற்கான விலை வெப்பம். மெல்லிய பேரல் இரண்டு மூன்று குண்டிலேயே சூடேறும். பேரலுக்குள் தங்கியிருக்கும் இழுவிசைகள் சூட்டில் சமமில்லாமல் விடுபட, அது நூலளவு வளையும். நான்காவது, ஐந்தாவது குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும். வேட்டையில் சுடுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு குண்டு என்பதால் இது பெரிய குறையல்ல. ஆனால் சுடுதளத்தில் ஐந்து குண்டைப் படபடவென்று சுட்டுவிட்டு, இலக்கில் விரிந்து கிடக்கும் துளைக் குழுவைப் பார்த்துத் துப்பாக்கி சரியில்லை என்று விற்றுவிடுபவர்கள் நிறையப் பேர்.

நெடுக வரிப்பள்ளம் வெட்டிய பேரலைப் பற்றி ஒரு தெளிவு: பள்ளம் வெட்டுவதால் அதே பேரல் விறைப்பாகாது. அதே எடையுள்ள மெல்லிய பேரலோடு ஒப்பிட்டால்தான் விறைப்பு அதிகம். கார்பன் இழை சுற்றிய பேரலும் அப்படியே. கனத்த எஃகுப் பேரலைவிட அது நிச்சயம் லேசு, ஆனால் மெல்லிய எஃகுப் பேரலைவிடப் பெரும்பாலும் கனம்தான். நடுத்தர எடையில் தடித்த பேரலின் விறைப்பு வேண்டுமென்றால் அதை வாங்கலாம். எடை மட்டுமே குறி என்றால் தேவையில்லை.

பேரல் முனையில் மாட்டுபவை

பேரல் முனையில் வெளியேறும் வாயுவைத் திருப்பிவிடும் துளைகள் கொண்ட மசில் பிரேக், உதையை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கும், எடையோ 100 கிராமுக்குள். எளிதான தீர்வாகத் தெரியும். ஆனால் வேட்டை ரைஃபிளின் வெடிச்சத்தம் ஏற்கனவே 155 முதல் 165 டெசிபெல். காதுக்கு நிரந்தரச் சேதம் 140-லேயே தொடங்கிவிடும். பிரேக் அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி, சுடுபவரின் காதிலும் பக்கத்தில் நிற்பவரின் காதிலும் இன்னும் ஐந்து பத்து டெசிபெல் கூட்டும். காதுக்கவசம் இல்லாமல் ஒரே ஒரு குண்டு சுட்டாலும் சேதம்தான், போன செவித்திறன் திரும்பாது. பிரேக் வேண்டுமென்றால் சுடுதளப் பயிற்சிக்கு மட்டும் மாட்டி, வேட்டையில் கழற்றிவிட்டுப் பாதுகாப்பு மூடியைத் திருகலாம். அப்போது குண்டு விழும் இடம் மாறும். மூடியோடு மறுபடி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது.

சட்டம் அனுமதிக்கும் இடங்களில் சப்ரஸர் இதைவிட நல்ல வழி. 200 முதல் 500 கிராம் கூடும், ஆனால் உதையும் சத்தமும் சேர்ந்தே குறையும், அந்த எடை முன்பக்கம் போய் உட்காருவதால் துப்பாக்கியும் நிலைக்கும். சப்ரஸர் மாட்டுவது உறுதி என்றால் 46 முதல் 51 செ.மீ. பேரலும், முனையில் மரை வெட்ட இடமளிக்கும் தடிமனும் பார்த்து வாங்குங்கள். மிக மெல்லிய பேரலில் மரை வெட்டினால் எஃகு போதாது.

எவ்வளவு எடை சரி

நாள் முழுக்க நடக்கும் வேட்டைக்கு, .308 வகைத் தோட்டாவுக்கு, முழு எடை 3.2 முதல் 3.6 கிலோ என்பது எங்கள் கருத்து. 1952-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 ஃபெதர்வெயிட் முதல் இன்றைய டிக்கா டி3எக்ஸ் லைட் வரை, நீண்டகாலம் நிலைத்த லேசான துப்பாக்கிகளில் சிறிய ஸ்கோப்பை மாட்டினால் ஏறக்குறைய இந்த எல்லையில்தான் வந்து நிற்கின்றன. 3 கிலோவுக்குக் கீழே போவது உயர்ந்த மலையில் பல நாள் தங்கி வேட்டையாடுபவருக்கு, அதுவும் 6.5 கிரீட்மோர் அளவுக்கு மேல் போகாத தோட்டாவோடு என்றால் நியாயம். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவற்றுக்கு 3.8 கிலோவுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வாங்கியபின் சோதிப்பது

ஆக்‌ஷன் திருகுகளை முறுக்கு அளவியால் இறுக்குங்கள்: வெறும் மரக்கட்டைக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர், அலுமினியத் தூண் பதித்த கட்டைக்கு 5 முதல் 7. முன் திருகை முதலில் இறுக்க வேண்டும்.

100 மீட்டரில் மூன்று குண்டு சுடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம். பிறகு போல்ட்டைத் திறந்து நிழலில் வைத்து, பேரல் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறும்வரை காத்திருங்கள். பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். மூன்று குழுக்களைச் சுட்டு ஒன்றாக வைத்துப் பாருங்கள். 4.5 செ.மீட்டருக்குள் அடங்கினால் அது நல்ல லேசான ரைஃபிள். நடுத்தர மானின் உயிர்ப்பகுதி 20 செ.மீட்டருக்குக் குறையாது, 250 மீட்டரில்கூட அந்தக் குழு 11 செ.மீ. சொச்சமாகத்தான் விரியும். 2 செ.மீ. குழு கிடைக்கவில்லையே என்று பணம் செலவழிக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமான சோதனை வேறு. ஒரே தாளை வைத்துக்கொண்டு, ஐந்து வெவ்வேறு நாட்களில், ஆறிய பேரலிலிருந்து நாளுக்கு முதல் குண்டை மட்டும் அதில் சுடுங்கள். அந்த ஐந்து துளைகள்தான் காட்டில் உங்கள் துப்பாக்கி செய்யப்போவது. ஸ்கோப்பை அந்த ஐந்தின் நடுவுக்குச் சரிசெய்யுங்கள். எண்ணெய் துடைக்காத பேரலின் முதல் குண்டு விலகிப் போவது சகஜம் என்பதால், சுத்தம் செய்த பிறகு காய்ந்த துணியை ஓரிரு முறை ஓட்டிவிட்டு, வேட்டைக்கு முன் ஒரு குண்டு சுட்டு வையுங்கள்.

பிடிக்கும் முறை மாற வேண்டும்

கனமான துப்பாக்கியை மணல் பைமேல் வைத்து, தொட்டும் தொடாமலும் சுடுவார்கள். அதே பழக்கம் லேசான துப்பாக்கியில் குழுவை விரிக்கும். காரணம் இயற்பியல்தான். குண்டு பேரலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. .308-இல், 3 கிலோ துப்பாக்கி அதற்குள் ஏறக்குறைய 2 மி.மீ. பின்னால் வந்திருக்கும். நேராகப் பின்னால் வந்தால் குற்றமில்லை. முன்கட்டை துள்ளினாலோ, தோள் ஒருமுறை இறுக்கமாகவும் ஒருமுறை தளர்வாகவும் இருந்தாலோ, அந்த 2 மி.மீட்டருக்குள் பேரல் வேறு கோணத்துக்குப் போய்விடும்.

முன்கட்டையை உள்ளங்கையில் வைத்து, கையைப் பைமேல் வையுங்கள். அல்லது முன்கட்டையைப் பைமேல் வைத்து, இடது கையால் மேலிருந்து கீழாக உறுதியாகப் பிடியுங்கள். பை முன் ஆக்‌ஷன் திருகுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும், நுனியில் வேண்டாம். பின்கட்டையைத் தோள்குழிக்குள் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தோடு இழுத்துக்கொள்ளுங்கள். கன்னம் கட்டையைவிட்டு எழக்கூடாது. குண்டு பட்டதை ஸ்கோப்பிலேயே பார்க்கும்வரை ட்ரிகரை விடாதீர்கள். பேரலை எதன்மேலும் நேராகச் சாய்க்கவே கூடாது. பாறையோ மரமோ ஆனால் நடுவே தொப்பியோ கையுறையோ இருக்கட்டும். கடினமான பொருளிலிருந்து துள்ளும் துப்பாக்கி உயரே சுடும். மலையில் முதுகுப்பையே சிறந்த தாங்கி. உட்கார்ந்து சுடும்போது நடைக்கோல்கள் இரண்டைக் குறுக்காகப் பிடித்தால் அலைச்சல் பாதியாகும்.

பயிற்சியில் அளவு வேண்டும். முழுத் தோட்டா ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் வேண்டாம். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் கவசம் என இரண்டும் போடுங்கள். பயத்தில் பாதி சத்தத்தால் வருவது. மீதிப் பயிற்சியை உதை மிகக் குறைந்த .22 ரிம்ஃபயர் துப்பாக்கியில் செய்யலாம். பயந்து இழுக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள, உடனிருப்பவர் உங்களுக்குத் தெரியாமல் மேகஸினில் போலித் தோட்டாக்களைக் கலந்து போடட்டும். வெடிக்காத தோட்டாவில் பேரல் முனை கீழே குனிந்தால் விடை அதுதான்.

ஏற்கனவே வாங்கிவிட்டு, உதை தாங்கவில்லை என்றால்

முதலில் பின்கட்டையின் நீளத்தைப் பாருங்கள். ட்ரிகரிலிருந்து தோளணைவரை 33 முதல் 35 செ.மீ. பெரும்பாலோருக்குப் பொருந்தும். குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும்; நீளமாக இருந்தால் தோளின் தவறான இடத்தில் குத்தும். கெட்டித் தோளணையை எடுத்துவிட்டு 25 மி.மீ. மென்மையான ஒன்றைப் போட்டால் உதையின் ஆற்றல் மாறாது, ஆனால் அது தோளில் இறங்கும் நேரம் நீளும்; வித்தியாசம் முதல் குண்டிலேயே தெரியும். அணை தடிமனாவதால் கூடும் நீளத்துக்கு ஏற்பக் கட்டையை வெட்ட வேண்டியிருக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் உதை குறைந்த தொழிற்சாலைத் தோட்டா. அதற்குப் பிறகு எடை சேர்ப்பது: சுடுதளத்தில் மட்டும், கட்டையின் தோட்டா உறையில் 300 கிராம் ஈயத்தைக் கட்டிப் பயிற்சி செய்து, வேட்டைக்குக் கழற்றிவிடலாம். விலங்கைப் பார்த்துச் சுடும் அந்த ஒரு குண்டின் உதை யாருக்கும் நினைவிருப்பதில்லை. பழக்கத்தைக் கெடுப்பது சுடுதளத்தின் உதைதான். பின்பக்கம் ஈயம் சேர்த்தால் சமநிலை பின்னால் நகரும் என்பதால், பைமேல் வைத்துச் சுடும் பயிற்சிக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நின்று சுடும் பயிற்சியை ஈயமில்லாமல், போலித் தோட்டாவைச் சேம்பரில் போட்டுச் செய்யலாம். வேட்டைப் பருவத்தின் நடுவில் ஒருமுறை, நீண்ட மலைநடைக்குப் பிறகு, ஆக்‌ஷன் திருகுகளையும் ஸ்கோப் வளையத்தில் இழுத்த பேனாக் கோட்டையும் மறுபடி சரிபாருங்கள். லேசான துப்பாக்கியில் திருகுகள் தளர்வது கனமானதைவிட விரைவில் நடக்கும்.